வெள்ளிடை மன்றமும் ஆலை வாயிலும்

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும் இலக்கிய நண்பர்களின் முகம் மலரும். "ஆகா, பூம்புகாரா!" என்பார்கள். அவர்களை ஏமாற்ற மனமில்லாமல் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லி வருகிறேன். நான் பிறந்து வளர்ந்த காவேரிப்பட்டினம் சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம் அன்று. கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம். காவிரிகூட எங்கள் ஊரைத் தொடுவதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் பெருவழியில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர் இது. பாராமகால் என்று வழங்கப்பட்ட நிலப்பகுதியின் ஒரு கோட்டை ஊர். 1767இல் முதல் ஆங்கிலேய–மைசூர்ப் போரின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படைக்கும் கும்பினிப் படைக்கும் இடையில் சிக்கிய ஊர். இன்று வெளியூர்க்காரர் நிப்பட்டுக்காகவும் மாம்பழத்துக்காகவும் நினைவில் வைத்திருப்பது.

பெயர் மயக்கத்தால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இரண்டு பட்டினங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றும். புகாரின் ஐந்து மன்றங்களில் முதலாவது வெள்ளிடை மன்றம். அங்கே வணிகரின் பொதிகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பொதியின் மேலும் உரியவன் பெயரும் அளவும் நிறையும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கதவில்லை, தாழில்லை, காவலரும் இல்லை. திருட வந்தவன் தூக்கிய சுமையோடு கழுத்து நோக அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான். வெளியேற வழி கிடைக்காது. காவலாள் இல்லாமலே பொருள் காக்கப்படும் ஊர் என்பது இளங்கோவின் கனவு.

எங்கள் பட்டினத்தின் நிலை நேர்மாறானது. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளில் எந்த ஆலையின் வாயிலிலும் நீலச்சட்டையோ சாம்பல்நிறச் சட்டையோ அணிந்து, தோளில் ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரைத் துணி தைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்க்கலாம். எங்கள் ஊர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு விசாரித்தால் "செக்யூரிட்டி வேலைக்குப் போகிறான்" என்ற விடை அடிக்கடி கிடைக்கும். காவல் ஒரு தொழிலாகி, தொழில் ஒரு வணிகமாகி, வணிகம் நிறுவனமாக வளர்ந்தது எப்படி என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

*

தமிழ்நிலத்தில் கூலிக்குக் காவல் என்பது புதியதன்று. மதுரைக்காஞ்சியில் மழை பொழிந்து தெருவில் நீரோடும் நள்ளிரவிலும் அம்பும் வில்லுமாய் உலவும் ஊர்க்காவலர் வருகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல்லைக் காண்கிறோம். ஊரைக் காக்கும் உரிமையையும் அதற்காக ஊரார் செலுத்திய கடமையையும் அச்சொல் குறித்தது. பிற்காலச் சோழர் ஆட்சி தளர்ந்தபோது இவ்வுரிமை வட்டாரத் தலைவர்களின் கைக்குப் போனது. பின்னர் தென்பாண்டி நாட்டுப் பாளையக்காரர்களின் காலத்தில் தலக்காவல், தேசகாவல் என்று அது இரு படியாக விரிந்தது.

இந்தப் பழைய காவலின் இலக்கணத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காவற்காரனுக்கு ஊரின் விளைச்சலில் பங்கு இருந்தது. பல இடங்களில் மானிய நிலமும் இருந்தது. இரண்டாவது, களவு போனால் அவன் பொறுப்பு. கள்வனைப் பிடிக்க வேண்டும், அல்லது பொருளை மீட்க வேண்டும், இரண்டும் இயலாவிடில் ஈடு கொடுக்க வேண்டும். உரிமையும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. இதை ஒரு பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. காவற்கூலி கொடுக்க மறுத்தவனின் மாடு மறுநாள் காணாமல் போவதும், 'துப்புக்கூலி' கொடுத்ததும் அதே மாடு திரும்பி வருவதும் அந்த இலக்கணத்தின் மறுபக்கம். காவலுக்கும் கொள்ளைக்கும் நடுவிலிருந்த வேலி பல இடங்களில் மிக மெல்லியது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலங்களை அளந்து ரயத்துவாரி முறைக்கு வித்திட்டார்கள். வரி அரசுடையது என்றானபின் காவலும் அரசுடையதாக வேண்டும் அல்லவா? 1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குவிதி கிராமத் தலைவரைக் காவல் அதிகாரியாக்கியது. தலையாரி அவருக்குக் கீழே வந்தார். 1859இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் சம்பளம் வாங்கும் சீருடைக் காவலரை உருவாக்கியது. பங்கு வாங்கிய காவற்காரன் மறைந்து, சம்பளம் வாங்கும் போலீஸ்காரன் வந்தான். ஊர்க் காவலில் எஞ்சியவை தலையாரியின் கோலும், எங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் கோடை முழுதும் எழும்பும் காவற்குடிசையும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைகளில் யானைக்கு விழித்திருக்கும் பரணும்தாம்.

நகரங்களில் வேறொரு உருவம் நுழைந்தது. காக்கி உடுப்பும் இடுப்பில் குக்ரியும் கையில் தடியுமாக, விசில் ஊதிக்கொண்டு தெருவில் நடந்த கூர்க்கா. 1950ஆம் ஆண்டின் இந்திய–நேபாள நட்புறவு உடன்படிக்கை இரு நாட்டாரும் தடையின்றிச் சென்று வேலை பார்க்க வழி திறந்திருந்தது. மாதத் தொடக்கத்தில் வீட்டு வாசலில் சலாம் வைத்து அவர் வாங்கிய சில்லறை, ஒருவகையில் பழைய பாடிகாவலின் கடைசி எச்சம். அவருக்கும் தெருவுக்கும் நடுவே எந்த நிறுவனமும் இல்லை.

*

காவலை நிறுவனமாக்கும் எண்ணம் மேலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1850ஐ ஒட்டி ஆலன் பிங்கர்டன் சிக்காகோவில் தொடங்கிய நிறுவனம் ரயில் கொள்ளையரைத் துரத்திப் பெயர் வாங்கியது. பிறகு வேலைநிறுத்தங்களை உடைத்துப் பெயர் கெட்டது. 1892 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் நகரில், கார்னகியின் இரும்பாலைத் தொழிலாளருக்கும் படகுகளில் கொண்டுவரப்பட்ட பிங்கர்டன் ஆட்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், அரசு இத்தகைய ஆட்களை அமர்த்தக் கூடாதென்று சட்டம் இயற்றியது. கூலிக்குக் காவல் யாருடைய பொருளை யாரிடமிருந்து காக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இந்தியாவில் விடுதலைக்குப் பின் பெரிய ஆலைகள் தத்தம் காவலரைத் தாமே அமர்த்தின. 'வாட்ச் அண்டு வார்டு' என்று ஒரு பிரிவு. அவர்களும் ஆலையின் தொழிலாளரே. சங்கமும் போனசும் அவர்களுக்கும் உண்டு. 1964 ஜனவரியில் ராஞ்சியின் கனரகப் பொறியியல் நிறுவனத்தில் நேர்ந்த பெருந்தீயை விசாரித்த நீதிபதி முகர்ஜியின் அறிக்கை, பொதுத்துறை ஆலைகளுக்கென ஒருங்கிணைந்த காவற்படை வேண்டும் என்றது. 1968இல் சட்டமும் 1969 மார்ச்சில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையும் வந்தன. பொதுத்துறைக்கு அரசின் படை கிடைத்தது. தனியார் ஆலைக்கு?

அந்த இடைவெளியில்தான் தனியார் காவல் நிறுவனங்கள் முளைத்தன. அவற்றுக்கு ஆள் தந்தது இராணுவம். பதினைந்து பதினேழு ஆண்டுப் பணிக்குப் பின் நாற்பது வயதுக்குள்ளாகவே ஓய்வுபெறும் சிப்பாய்க்குக் கையில் வேறு தொழில் கிடையாது. அணிவகுக்கத் தெரியும், விழித்திருக்கத் தெரியும், சொன்னதைச் செய்யத் தெரியும். 1971 வங்கதேசப் போர்ச் செய்திகளைத் திரட்டிய பாட்னாப் பத்திரிகையாளர் ஆர்.கே. சின்ஹா, 1974இல் முன்னாள் படைவீரர் சிலரைக் கொண்டு எஸ்.ஐ.எஸ். என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு மாநில நகரத்தில் தொடங்கிய அந்நிறுவனம் 2008இல் ஆஸ்திரேலியாவின் சப் நிறுவனத்தினுடைய காவல் பிரிவை விலைக்கு வாங்கியது. 2017இல் பங்குச்சந்தைக்கு வந்தது. வட்டார நிறுவனம் எந்த அளவுக்கு வளரக்கூடும் என்பதற்கு அது எல்லைக்கல்.

தமிழ்நாட்டில் அரசே இவ்வழியில் இறங்கியது. 1986இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், சுருக்கமாக டெக்ஸ்கோ, ஓய்வுபெற்ற படைவீரரை அரசுத் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் காவற்பணிக்கு அனுப்புகிறது. படைவீரரின் மறுவாழ்வே அதன் நோக்கம். வணிக நோக்கில் இயங்கும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களுக்கு நடுவே அதை ஒரு அளவுகோலாகக் கொள்ளலாம்.

*

இனி எங்கள் நிலத்துக்கு வருகிறேன். 1971இல் நிறுவப்பட்ட சிப்காட், எழுபதுகளிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்; ஓசூரின் காற்றும் பெங்களூர்க் காற்றுதான்; மாநில எல்லைக்கு இப்புறம் நிலமும் சலுகையும் எளிதாகக் கிடைத்தன. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது; அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து புறப்பட்டது. 1987இல் டைட்டன் கடிகார உற்பத்தி தொடங்கியது. கடிகாரமும், பின்னர் நகையும், சட்டைப்பைக்குள் அடங்கும் பொருள்கள். லாரிக்குத் தேவைப்படும் வாயிற்காவல் வேறு, இத்தகைய பொருளுக்குத் தேவைப்படும் காவல் வேறு. உள்ளே வருபவரைக் கேட்பதைக் காட்டிலும் வெளியே போகிறவரைத் தடவிப் பார்ப்பது முதன்மையான வேலையாயிற்று.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். நான் பள்ளியில் படித்த நாட்களில் அவர் ஓசூருக்குக் காவற்பணிக்குப் போகத் தொடங்கினார். அவர் வழியாக ஊரிலிருந்து இன்னும் சிலர் போனார்கள். இந்த வணிகம் வளர்ந்த முறையே அதுதான். ஓய்வுபெற்ற சுபேதாரோ காவல் ஆய்வாளரோ ஒருவர் தமக்குத் தெரிந்த ஆலை மேலாளரிடம் பேசி ஒரு வாயிலைப் பிடிப்பார். பத்துப்பேரைச் சேர்ப்பார். அந்தப் பத்துப்பேர் அடுத்த ஆலைக்கு ஆள் கொண்டுவருவார்கள். நான்கு தையல் எந்திரமும் ஒரு வாடகை அறையும் ஒரு பழைய ஜீப்பும் சேர்ந்தால் நிறுவனம் தயார்.

ஆனால் கணக்கு அவ்வளவு எளிதன்று. ஒரு வாயிலை இரவும் பகலும் காக்க வேண்டுமானால், எட்டுமணி முறையில் வாரத்துக்கு இருபத்தொரு முறைகள். ஆளுக்கு ஆறு முறை என்றால் மூன்றரை ஆள் வேண்டும். அதையே பன்னிரண்டுமணி முறையாக்கி வார விடுப்பையும் எடுத்துவிட்டால் இரண்டே ஆள் போதும். மூன்றரைக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் மலிவான ஒப்பந்தப்புள்ளியின் இரகசியம் இருக்கிறது. அடுத்தது முதலீடு. காவலருக்குச் சம்பளம் மாதம் பிறந்ததும் தர வேண்டும். ஆலையோ பட்டியல் போட்டு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தரும். அதுவரை தாங்க வட்டிப்பணம் வேண்டும். தாங்கமுடியாத நிறுவனம் சம்பளத்தை நிறுத்தும், வைப்புநிதியைக் கட்டாமல் விடும், அல்லது பெரிய நிறுவனத்திடம் வாயிலை இழக்கும். வட்டார நிறுவனங்களில் சில மட்டும் நிலைத்ததற்கும் பல மறைந்ததற்கும் வீரதீரத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. பேரேட்டைப் பார்த்தால் போதும்.

சட்டத்தின் பாதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், சில வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதன்படி 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு தன் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களில் கட்டடங்களைப் பெருக்குதல், துடைத்தல், காத்தல் ஆகியவற்றுக்கு ஒப்பந்த ஆள் கூடாதென்று அறிவித்தது. காவலாளும் நிறுவனத்தின் ஆளே என்ற கருத்து அதில் இருந்தது. 2001 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அவ்வறிவிக்கையைச் செல்லாதென்றது. ஒப்பந்தம் தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் பணியாளராகிவிட மாட்டார்கள் என்றும் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணிப்பாதுகாப்புத் தொகுப்போ காவற்பணியை ஆலையின் மையப்பணி அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளில் காவலாள் ஆலைக்குள்ளிருந்து ஆலை வாயிலுக்கு நகர்ந்து, அங்கிருந்தும் சட்டப்படி வெளியே போய்விட்டார்.

மகாராஷ்டிரம் வேறு வழி ஒன்றை முயன்றது. 1981ஆம் ஆண்டின் அம்மாநிலச் சட்டம் காவலருக்கென வாரியம் அமைத்தது. காவலர் வாரியத்தில் பதிவு பெறுவார். ஆலை சம்பளத்தை வாரியத்தில் கட்டும். நடுவே தரகர் இல்லை. நாம் அவ்வழியில் போகவில்லை.

மத்திய அரசு 1998 அக்டோபரில் காவல் நிறுவனங்களைச் சேவை வரிக்குள் கொண்டுவந்தது. அவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் வர 2005 ஆயிற்று. நடைமுறைக்கு வந்தது 2006 மார்ச்சில். வரி முதலில், முறை பிறகு என்பது பாராமகாலுக்குப் பழக்கமான வரிசைதான். அச்சட்டத்தின்படி உரிமம் ஐந்தாண்டுக்கு. ஒரு மாவட்டத்தில் இயங்கக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுமைக்கும் 25,000. காவலர் 18 வயது நிறைந்து 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். மாதிரி விதிகள் 160 மணிநேரப் பயிற்சியை வகுத்தன. முன்னாள் படைவீரருக்கும் காவலருக்கும் 56 மணிநேரம். பதினைந்து பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். படையினரைப் போலவோ போலீசைப் போலவோ உடுப்பு அணிவித்தால் தண்டனை. ஏட்டில் இவை நல்ல விதிகள். நேற்று வயலில் இருந்தவர் இன்று மாலை சட்டையை மாற்றிக்கொண்டு வாயிலில் நிற்பதை நானே கண்டிருக்கிறேன்.

2008 நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதல் இத்தொழிலின் மதிப்பைக் கூட்டியது. 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, கட்டணம் செலுத்தும் தனியாருக்கும் மத்தியப் படை காவல் தரலாம் என்றாயிற்று. ஓசூர்ச் சாலையிலுள்ள எலக்ட்ரானிக் சிட்டி இன்போசிஸ் வளாகத்துக்கு அவ்வாண்டே அப்படை வந்தது. பணமுள்ளவருக்கு அரசுப்படை, மற்றவருக்கு ஒப்பந்தக் காவல் என இரண்டு அடுக்கு. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்வண்டி ஆலை இயங்கத் தொடங்கியது. ஓசூருக்கருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு எடுத்தது. பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் விடியுமுன் சீருடையில் நிற்கும் பெண்கள் இப்போது புதியவர்கள் அல்லர். அவர்களுக்கு அருகே அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். கூர்க்காவின் இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள், விசில் மட்டும் இல்லை.

*

சென்ற ஆண்டு ஒரு பணியின் பொருட்டு ஓர் ஆலைக்குப் போக நேர்ந்தது. வாயிலில் பேரேட்டை நீட்டியவர் "ஐயா, வணக்கம்" என்றார். என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். எனக்குத்தான் முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. இரவுப்பணியில் படிக்க மேசையறைக்குள் ஒரு நாவல் வைத்திருந்தார். மேற்பார்வையாளர் பார்த்தால் அபராதம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எவ்வளவு நாளாக இங்கே என்று கேட்டேன். ஆறு ஆண்டுகள். அதற்குள் மூன்று நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துவிட்டன. வாயிலும் நாற்காலியும் அவரும் மாறவில்லை. சட்டையின் நிறமும் தோள்பட்டை முத்திரையும் மட்டும் மாறின. ஒவ்வொரு முறையும் பணிமூப்பு புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும்.

நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இது: "உள்ளே போகிற எல்லாருடைய பெயரையும் இதில் எழுதுகிறேன், ஐயா. லாரி எண் எழுதுகிறேன், பெட்டி எத்தனை என்று எழுதுகிறேன். இந்த ஆலையின் எந்தப் பதிவிலும் என் பெயர் இல்லை."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பாடபேதத்தைச் சுட்டுவது போலத்தான் சொன்னார். எனக்கு வெள்ளிடை மன்றத்தின் பொதிகள் நினைவுக்கு வந்தன. அங்கே ஒவ்வொரு பொதிக்கும் பெயர் இருந்தது. காவலுக்கு ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார்.

பாடிகாவலனுக்கு விளைச்சலில் பங்கும் களவில் பொறுப்பும் இருந்தன. இன்றைய காவலரிடம் பொறுப்பு மட்டும் தங்கிவிட்டது. ஏதேனும் காணாமல் போனால் முதலில் கேட்கப்படுபவர் அவர். பல இடங்களில் முதலில் சம்பளம் பிடிக்கப்படுபவரும் அவரே. பங்கு எங்கே போயிற்று என்று தேடினால் அது நிறுவனத்தின் சேவைக்கட்டணமாகவும் ஆலையின் சிக்கனமாகவும் பிரிந்து கிடக்கிறது. வட்டாரத்துக் காவல் நிறுவனங்களின் வளர்ச்சி வரலாற்றை எழுத முனைபவர் அவற்றின் வாகனங்களையும் கிளைகளையும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. அந்தப் பங்கு கைமாறிய கதையையும் எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது வெளியேறும் நேரத்தைப் பேரேட்டில் குறித்தார். என் பையைத் திறந்து காட்டினேன். "வேண்டாம், ஐயா" என்றார். "பாருங்கள் தம்பி, அது உங்கள் வேலை" என்றேன். சற்றுத் தயங்கிப் பார்த்தார். உள்ளே வகுப்புக்குக் கொண்டுபோன சிலப்பதிகாரமும் பாதி தின்ற நிப்பட்டுப் பொட்டலமும் இருந்தன. மூடித் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற லாரியிடம் போனார்.